அரை மில்லி இடைவெளி

இரும்பு சூடானால் நீளும் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாடம் அதற்கு மேல் எங்கேயோ இருந்திருக்கும். டிரையர் மிஷினுக்குப் பக்கத்தில் பதினெட்டு வருஷம் நின்றதில் தெரிந்துகொண்டேன்.

ராஜபாளையம் தாண்டி, செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனி. காயத்துக்குக் கட்டுகிற வெளுத்த காஸ் துணி ஈரத்தோடு வந்து, ஐந்தடி நீள இரும்பு டிரம்களின் மேல் ஏறி இறங்கி, மறுமுனையில் மொடமொடவென்று காய்ந்து வெளியே வரும். டிரம்முக்குள்ளே நீராவி. அந்த நீராவி வால்வைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை. ஒரே மூச்சில் திறக்கக் கூடாது. கொஞ்சம் திருப்பிவிட்டு, பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி கொஞ்சம் திருப்ப வேண்டும். முழுசாகத் திறக்க நாற்பது நிமிஷம் ஆகும். அவ்வளவு நேரமும் நான் அந்த இடத்தை விட்டு அசையமாட்டேன்.

டிரம்மை ஒரு பக்கம் இறுக்கிக் கட்டியிருக்கும். மறுபக்கம் பேரிங் உட்காரும் கூட்டில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். சூட்டில் நீளும் டிரம் அந்த இடத்துக்குள் நகர்ந்துகொள்ளும். இடம் போதாவிட்டால் கூட்டைப் போய் முட்டும். எவ்வளவு இடம் என்பது மிஷினைக் கழற்றி மாட்டுகிற பழைய பிட்டரின் தலைக்குள் இருந்தது. அவர் காலமான பிறகு, பேரிங் மாற்ற வேண்டி வந்தபோது, அந்த அளவு யாருக்கும் தெரியவில்லை.

மிஷின் வெளிநாட்டுச் சரக்கு. எங்கேயோ மூடிய மில்லிலிருந்து வாங்கி வந்தது. அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று அலமாரியில் கிடந்தது. முதலாளி அதை எடுத்து சூப்பர்வைசரிடம் கொடுத்து, எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பார்த்து இப்போதைய பிட்டருக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

சூப்பர்வைசர் என்றால் என் கூட்டாளிதான். என்னைவிட எட்டு வயசு இளையவள். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். அவளும் ஸ்ரீவில்லிபுத்தூர், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. காலையில் ராஜபாளையம் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடிப்போம். உறவு கிடையாது. ஆனாலும் முதல் நாளிலிருந்து என்னை மதினி என்றுதான் கூப்பிட்டாள்.

எனக்கு ஆட்களிடம் பேச வராது. முதலாளி முன்னால் போய் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு லீவு கேட்பது அவள், போனஸ் சமயத்தில் எனக்குச் சேலை வந்ததா என்று கேட்பது அவள், ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரிடம் எனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வதுகூட அவள். "மதினிக்கு வலது முட்டில வலி சார்" என்பாள். "அவங்களே சொல்லட்டும்மா" என்று டாக்டர் சொன்னால், "அவிய சொல்லி நீங்க கேக்கணும்னா சாயங்காலம் ஆயிரும்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நானும் சிரிப்பேன்.

புத்தகம் அவள் கைக்கு வந்த அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் டிரையர் ஓரம் உட்கார்ந்திருந்தோம். அவள் செல்போனில் கணக்குப் போடுவதைத் திறந்து வைத்திருந்தாள்.

"சூடு நூறு டிகிரி கூடுனா ஒரு மில்லிமீட்டர் எடம் விடணும்னு போட்டிருக்கான் மதினி. ஆனா இவன் சொல்லுதது பாரன்ஹீட்டு. நம்ம மீட்டரு செல்சியஸ்."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"மாத்தணும். முப்பத்திரண்டக் கழிச்சு, அஞ்சால பெருக்கி, ஒம்போதால வகுக்கணும். காய்ச்சலுக்கு அப்பிடித்தான பாக்காக."

ஒரு மில்லியில் முப்பத்திரண்டைக் கழித்தாள். என்னவோ மைனஸில் வந்தது. போனை என் பக்கம் திருப்பிக் காட்டி, "பாத்தியளா, எடம் விடுததுக்குப் பதிலா டிரம்ம அறுக்கச் சொல்லுது" என்றாள். சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது.

"சரி, முப்பத்திரண்ட விட்ருவோம். பெருக்கி வகுத்தா மட்டும் போதும்" என்று திரும்பப் போட்டாள். அரைக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஒரு துண்டுச் சீட்டில் 'அரை மில்லி' என்று எழுதினாள்.

எனக்கு அது இடித்தது. இத்தனைக்கும் எனக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆனால் துணி தெரியும். முன்னாடி எங்களுக்குக் கஜக் கணக்கில் ஆர்டர் வந்தது, பிறகு மீட்டராக மாறியது. வெளுக்கும்போது துணி கஜத்துக்கு ஒரு விரற்கடை சுருங்கினால், மீட்டருக்கு ஒரு விரற்கடையைவிடக் கூடத்தான் சுருங்கும். ஏனென்றால் மீட்டர் பெரிசு. கஜத்திலிருந்து மீட்டருக்கு மாற்றினால் அதே துணிக்கு எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு மீட்டருக்கும் உள்ள சுருக்கம் கூடும். மாறின புதிதில் எத்தனை பேர் இதில் தப்பு விட்டு ரோல் கட்டையாகிப் போயிருக்கிறது.

செல்சியஸ் டிகிரி பெரிசு என்பதும் எனக்குத் தெரியும். கொரோனா சமயத்தில் வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காட்டுவார்கள் அல்லவா, அது செல்சியஸ். எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டுப் பாரன்ஹீட் தெர்மாமீட்டரில் கிட்டத்தட்ட நாலு டிகிரி ஏறியிருந்தது, அந்தத் துப்பாக்கியில் இரண்டுதான் ஏறியிருந்தது. அதே உடம்பு, அதே காய்ச்சல். அப்படியானால் அதில் ஒன்று இதில் இரண்டு மாதிரி.

"ஏத்தா, கொறையுதே. கூடல்லா செய்யணும்?" என்று கேட்டேன்.

"ஏன் கூடணும்? தொண்ணூத்தெட்டு பாரன்ஹீட்டு, செல்சியஸ்ல முப்பத்தேழு. கொறையத்தான செய்யுது."

"அது சூடு. இது ஒரு டிகிரிக்கு எம்புட்டு நீளுதுங்கிறதுலா. மீட்டருக்குச் சுருக்கம் கூடலையா, அது மாதிரி."

அவள் என் தாடையைத் தொட்டு ஆட்டினாள். "மதினி, இது பன்னெண்டாப்புக் கணக்கு. அஞ்சாப்புக்காரவிய கணக்கெல்லாம் இதுல வராது. போயி கைய கழுவுங்க."

கேலிதான். எப்போதும் செய்கிற கேலி. நான் கை கழுவப் போய்விட்டேன். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டேன் என்று சொன்னால் பொய். தப்பு என்றே மனசில் பட்டது. இன்னொரு தடவை சொன்னால் அவளுக்கு வருத்தமாகுமோ என்று விட்டேன்.

பிட்டர் வந்து பேரிங் மாற்றி, சீட்டில் எழுதியிருந்தபடி அரை மில்லி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் எட்டரைக்கு வால்வைத் தொட்டேன். அவள் வழக்கம்போல டீ கிளாஸோடு பக்கத்தில் நின்று கடிகாரம் பார்த்துச் சொன்னாள். "ம், பத்து ஆயிருச்சு மதினி, அடுத்தது." திருப்பினேன். இடையில் அவள் மகள் போன் பண்ணிச் சண்டை போட்டதைச் சொன்னாள். "ம், அடுத்தது." முழுசும் திறந்து முடித்தபோது ஒன்பது பத்து. மீட்டரில் முள் நூற்று முப்பதுக்கு வந்தது. துணியை விட்டோம்.

முதலில் ஒரு முனகல் மாதிரிக் கேட்டது. பெல்ட்டாக இருக்கும் என்று நினைத்தேன். பத்து மணி வாக்கில் பட்டென்று ஒரு சத்தம். பேரிங் மாற்றிய பக்கத்துக் கூடு இரண்டாகப் பிளந்து, டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. துணி கிழிந்து சுருண்டது. நல்ல வேளை, யார் மேலும் படவில்லை. நான் வால்வை மூடினேன்.

முதலாளி மதுரைக்குப் போயிருந்தார். மத்தியானம்தான் வருவார் என்றார்கள். அதற்குள் அவள் டிரையர் நோட்டோடு என்னிடம் வந்தாள். எத்தனை மணிக்குத் திறந்தோம், எவ்வளவு சூடு, எத்தனை ரோல் என்று தினமும் அவள் எழுதுவாள், கீழே நான் கையெழுத்துப் போடுவேன். என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"பயப்படாதிய மதினி. நான் பாத்துக்கிடுதேன். இதுல மட்டும் போட்ருங்க, மொதலாளி வந்ததும் கேப்பாரு."

போட்டேன்.

எனக்கு வாசிக்கத் தெரியாமலில்லை. பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை, பேப்பரில் பெரிய எழுத்து எல்லாம் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அந்த நோட்டை மட்டும் ஒருநாளும் வாசித்ததில்லை. அவள் எழுதியதை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அவளைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு கூச்சம்.

முதலாளி வந்தார். பிளந்த கூட்டைப் பார்த்தார். எல்லோரையும் நிற்க வைத்து, என்ன நடந்தது என்று கேட்டார். அவள்தான் பேசினாள்.

"நான் பேக்கிங்ல நின்னேன் மொதலாளி. இந்தம்மாதான் ஸ்டீமத் தெறந்துச்சு. மெதுவா தெறக்கணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். அவசரத்துல ஒரேயடியா தெறந்திருச்சு போல."

இந்தம்மா என்று அவள் யாரைச் சொல்கிறாள் என்று ஒரு நிமிஷம் எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் வேறு யாரோ நிற்கிறார்களோ என்று திரும்பிக்கூடப் பார்த்தேன்.

முதலாளி நோட்டை வாங்கி வாசித்தார். "எட்டரைக்குத் தெறப்பு. எட்டு முப்பத்தஞ்சுக்கு முழுத் தெறப்பு. அஞ்சே நிமிசம். இது ஒங்க கையெழுத்துதானம்மா?"

"ஆமா" என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. நாற்பது நிமிஷம் எடுத்தேன், இவள்தான் கூட நின்று நேரம் சொன்னாள், இவள் எழுதிய அளவு தப்பு என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. எனக்காகப் பேசுகிறவள்தான் எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். அவள் டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி கெட்ட மனுஷர் இல்லை. கத்தவில்லை. "வயசாயிருச்சு, இனி வால்வுல நிக்க வேண்டாம். மடிப்பு மேசைக்குப் போயிருங்க" என்றார். கூலியும் குறைக்கவில்லை. ஆனால் பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளும் அவசரப்படாதவள், அவசரத்தில் மிஷினை உடைத்தவள் என்று ஆகிவிட்டேன். மடிப்பு மேசையில் இருந்த பிள்ளைகள் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி, "பாட்டி இங்க எதையும் ஒடச்சிராதிய" என்றாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் நான் ஒரு பஸ் விட்டு அடுத்த பஸ்ஸில் வந்தேன். மறுநாள் காலையிலும் அப்படியே. அவளும் தேடவில்லை.

மூன்று நாள் கழித்துப் புதுக் கூடு வந்தது. பிட்டர் பொருத்திக்கொண்டிருந்தார். டீ நேரத்தில் நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது அவராகவே மெதுவாகக் கூப்பிட்டார்.

"பெரியம்மா, செத்த நேரம் இங்க வாங்க. ஒங்க மேல தப்பு இல்ல."

நான் நின்றேன்.

"எனக்கு அரை மில்லின்னு எழுதிக் குடுத்தாக, நான் கேள்வி கேக்காம வச்சிட்டேன். பொறவு வீட்டுல ஒக்காந்து போட்டுப் பாக்கேன், தலகீழா போட்டிருக்காக. சூட்ட மாத்துததுன்னா அஞ்சால பெருக்கி ஒம்போதால வகுக்கலாம். ஒரு டிகிரிக்கு எம்புட்டு நீளுதுங்கிறத மாத்துனா ஒம்போதால பெருக்கி அஞ்சால வகுக்கணும். நூறுக்கு ஒண்ணுன்னு அவன் போட்டதுக்கு, இந்த மீட்டர்ல நூறுக்கு ஒண்ணே முக்காலுக்கு மேல வரும். நம்ம மிஷினு முப்பதுல இருந்து நூத்தி முப்பதுக்குப் போகுது. சரியா நூறுதான் கூடுது. ஒண்ணே முக்கால் நீளுத டிரம்முக்கு அரைய விட்டா என்ன ஆகும்?"

"முப்பத்திரண்டு?" என்று கேட்டேன். அதை ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவள் சிரித்தது ஞாபகம் வந்தது.

"அது இதுல வரவே வராது. ரெண்டு மீட்டரும் வேற வேற எடத்துல இருந்து எண்ண ஆரம்பிக்கும். அதுக்குத்தான் முப்பத்திரண்டு. இங்க நமக்கு எம்புட்டு கூடுதுங்கிறதுதான கணக்கு. எங்க ஆரம்பிச்சா என்ன?"

அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கஜமும் மீட்டரும்தான் கண் முன்னால் வந்தன. நான் சொன்னதேதான்.

"மொதலாளிகிட்ட சொல்லுங்களேன்" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று அவருக்குத் தெரியாது.

அவர் ஸ்பேனரைத் துடைத்தார். "நேத்தே சூப்பர்வைசரம்மாகிட்ட சொல்லிட்டேன். 'சரி, ரெண்டு மில்லியா வச்சிருங்க, மொதலாளிகிட்ட போக வேண்டாம்'னுட்டாக. எனக்கும் இதுல பங்கு இருக்கு பெரியம்மா. கேக்காம வச்சது நான்தான. வெளிய தெரிஞ்சா எனக்கு இங்க எந்த மிஷினையும் குடுக்க மாட்டாக. நீங்க மனசுல வச்சிக்கிடுங்க, ஒங்க மேல தப்பு இல்ல."

நான் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மடிப்பு மேசையில் உட்கார்ந்த பிறகுதான் கோபம் வந்தது. தெரியாமல் கணக்குத் தப்பினாள், பயந்து போய் என் மேல் போட்டாள் என்று மூன்று நாளாக அவளுக்காக நானே காரணம் தேடிக்கொண்டிருந்தேன். நேற்றே தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகும் இன்று காலையில் என் மேசையைத் தாண்டித்தான் போனாள்.

மறுநாள் மிஷின் ஓட்டம். ஆர்டர் தேங்கிக் கிடந்ததால் முதலாளியும் வந்து நின்றார். வால்வுக்கு ஆள் யார் என்று கேட்டார். "நானே பாக்கேன்" என்று அவளே போனாள். அவளுக்குக் கை பழக்கம் இல்லை. அவசரம் வேறு. திருப்பினாள், இரண்டு நிமிஷம் நின்றாள், மறுபடி திருப்பினாள். மீட்டர் முள் சடசடவென்று ஏறியது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷத்தில் முழுசாகத் திறந்துவிட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. முனகல்கூட இல்லை. துணி விட்டார்கள், காய்ந்து வந்தது. ஒரு மணி நேரம் ஓடியது. முதலாளி முகம் தெளிந்து, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார்.

என் வாய் தானாகத் திறந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"பத்து நிமிசத்துல தெறந்தும் ஒடையலையே."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மேசையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. கத்தரிக்கோல்கள் நின்றன. முதலாளி திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு டிரம்மைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். பிட்டர் குனிந்து பையில் எதையோ தேடினார்.

அவள் முகம் கறுத்தது. "பேச்சு என்ன பேச்சு? வேலையப் பாருங்க" என்றாள், மேசையில் இருந்த எல்லோரையும் பார்த்துச் சொல்கிற மாதிரி.

சாயங்காலம் முதலாளி ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவர் எதையும் கேட்கவில்லை. "நாளைல இருந்து நீங்களே வால்வப் பாருங்கம்மா" என்றார். அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது.

"நோட்ட மாத்தி எழுதச் சொல்லுங்க ஐயா" என்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது பழைய பக்கம். அத யாரு பாக்கப் போறா? சூப்பர்வைசரம்மாவையும் நான் தெறக்கப் போற புது யூனிட்டுக்குப் போடுறதா சொல்லியிருக்கேன். இப்பப் போயி எதுக்குக் கௌறிக்கிட்டு."

"அதுல என் பேரு இருக்குல்லா ஐயா."

அவர் போனை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்தார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

அன்று ராஜபாளையத்தில் பஸ் ஏறும்போது ஒரே ஒரு சீட்தான் காலியாக இருந்தது. அவள் பக்கத்தில். முட்டு வலியில் நின்றுகொண்டு வர முடியாது. உட்கார்ந்தேன். பாதி வழி வரைக்கும் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"சத்தியமா, அந்தக் கணக்கு தப்புன்னு எனக்கு அன்னைக்குத் தெரியாது மதினி" என்றாள்.

"கணக்குத் தெரியாட்டி விடு. நாப்பது நிமிசம் ஒனக்குத் தெரியும்லா. நீதான நேரம் சொன்ன."

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "புது யூனிட்டு எனக்குத் தாரேன்னுருக்காரு. இது வெளிய வந்தா அது போயிரும். ஒங்களுக்கு என்ன, வால்வு வேண்டாம்னு மடிப்புலயே இருந்துக்கிடுங்க, ஒக்காந்த வேலை, முட்டுக்கும் நல்லதுதான்" என்றாள். ஆறுதல் சொல்கிற குரல். என் முட்டு வலியை டாக்டரிடம் சொன்ன அதே குரல்.

அதற்கு மேல் அவளிடம் நான் பேசவில்லை. அந்த மாசத்தோடு வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். அவள் புது யூனிட்டில் இருக்கிறாள். ரத வீதியில் எதிரே வந்தால் அவள்தான் முதலில் தலையைக் குனிவாள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. "நல்லாருக்கியளா மதினி" என்று பழையபடி கேட்கிறாள். கூட நிற்கிறவர்களுக்காக நானும் தலையை ஆட்டுகிறேன்.

இவ்வளவு நீளமாக நான் எதுவும் எழுதியதில்லை. இதை எழுதக் காரணம் ஒன்றுதான். அந்த நோட்டில் அன்றைய தேதிக்கு ஐந்து நிமிஷம் என்று இருக்கிறது. அது பொய். எட்டரைக்கு முதல் திருப்பு. எட்டு நாற்பதுக்கு இரண்டாவது. எட்டு ஐம்பது, ஒன்பது மணி. ஒன்பது பத்துக்கு முழுத் திறப்பு.